பாளையங்கோட்டைப் பாப்பாத்தி அம்மாள்

முதலாண்டு மாணவியருக்குப் பண்டைய எகிப்து நாகரிகம் பாடம் நடத்தும்போதெல்லாம் பெனி ஹசன் என்னும் ஊரைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசிவிடுவது வழக்கம். தேர்வுக்குப் பிரமிடுகளும் பாரோ மன்னர்களும் போதும். ஆனால் தலைநகரை விட்டு விலகி, நைல் ஆற்றங்கரையில் மாகாணத் தலைவர்களின் குடும்பங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதை அறிய வேண்டுமாயின் பெனி ஹசன் குன்றில் குடைந்த கல்லறைகளுக்குத்தான் செல்ல வேண்டும். ஏறத்தாழ கி.மு. 1900-ஐ ஒட்டி அங்கே தலைவனாக விளங்கியவன் இரண்டாம் கனும்ஹோத்தெப். அவனுக்கு அப்பதவி தந்தை வழியில் வந்ததன்று. தாய் பாகேத்தின் வழியில் வந்தது. அவன் மனைவி கெத்தி அண்டை மாகாணத் தலைவனின் மகள். அவள் வழியாகவே அந்த மாகாணமும் அவள் மகனைச் சேர்ந்தது. அதே கல்லறையின் ஓவியங்களில் சாத் என்னும் மற்றொரு பெண்ணும் காணப்படுகிறாள். மனைவி என்னும் பட்டம் அங்கே கெத்திக்கே உரியது. சாத்தின் பெயருக்கு முன்னால் நிற்பது முத்திரைக் காப்பாளர் என்னும் பதவி. ஆயினும் அவளும் அந்தத் தலைவனுக்கு மக்களைப் பெற்றவள். அவள் மக்களும் அச்சுவரில் இடம் பெற்றார்கள்.

எகிப்தியப் பெண் நிலம் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், தன் விருப்பப்படி உயில் எழுதலாம் என்று சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, நைல் நதிக்கரைப் பெண்களைப் பற்றி இவ்வளவு தெரிகிறதே, தாமிரபரணிக் கரையில் அப்படி ஒருத்தியும் இருந்ததில்லையா என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் விடை சொல்வதாகக் கூறித் தப்பித்துக்கொண்டேன். அந்த விடை ஒரு வகுப்பு நேரத்தில் அடங்கவில்லை. ஆகவே இம்மலரில் எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் இராணி மங்கம்மாள். தென்பாண்டி நாட்டில் இன்றும் பல பாட்டைகள் மங்கம்மாள் சாலை என்றே வழங்குகின்றன. ஆனால் அவர் மதுரைக்குரியவர். அவரைப் பற்றி எழுதாதவரும் இல்லை. நான் எழுத விரும்புவது பாளையங்கோட்டையில் வாழ்ந்து 1806-இல் மறைந்த ஓர் அம்மையாரைப் பற்றி. கிளாரிந்தா என்பது அவர் திருமுழுக்குப் பெயர். கோகிலா என்பது அதற்கு முந்தைய பெயர் என்பர். ஊரார் இட்ட பெயரோ பாப்பாத்தி அம்மாள். மூன்று பெயர்களில் நிலைத்தது மூன்றாவதுதான். ஏன் அப்படி நிலைத்தது என்று நான் நெடுநாள் எண்ணியதுண்டு.

அம்மையார் தஞ்சையில் குடியேறிய மராட்டியப் பிராமண மரபினர். கணவர் தஞ்சை அரசரின் பணியில் இருந்தவர். பெருங்குடும்பம், அரண்மனைத் தொடர்பு, வீட்டில் மராட்டி, வெளியில் தமிழ் என்ற அந்தச் சூழலை எளிதில் உய்த்துணரலாம். காலமோ பொல்லாத காலம். துளஜாஜி மன்னர் அரியணையில் இருந்தார். 1773-இல் ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து தஞ்சையைக் கைப்பற்றினர். 1776-இல்தான் அரசு மீண்டும் மன்னர் கைக்கு வந்தது. அரசரே நிலையாக இருக்க இயலாத அந்த நாளில் அரசுப் பணியாளரின் மனைவிக்கு என்ன நிலை இருந்திருக்கும்? கணவர் இருக்கும் வரையில் குறையொன்றும் இல்லை. அவர் இறந்தார். அம்மையார் இளம் விதவையானார்.

உயர்குடிப் பெண்ணின் நிலை என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அவளுக்குத் துணையான ஆணின் நிலையே ஆகும். அந்த ஆண் மறைந்தவுடன் அது தெரிந்துவிடும். அந்நாளில் கைம்பெண்ணின் முன் இருந்த வழிகள் மிகச் சில. ஒன்று தீ. கிழவன் சேதுபதி 1710-இல் இறந்தபோது அவர் மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று வரலாற்று நூல்கள் கூறும். சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் 1830-இல்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மற்றொன்று மழித்த தலையோடு வீட்டின் பின்கட்டில் ஒடுங்குவது. அவ்வாறு ஒடுங்கினால் சோறும் துணியும் கிடைக்கும். குடும்பச் சொத்தில் கைவைக்க இயலாது. மூன்றாவது வழி மங்கம்மாளுக்குக் கிடைத்தது. 1682-இல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தபோது மகனுக்காக அவர் உயிர் வாழ்ந்தார். 1689-இல் மகனும் இறக்கவே, கைக்குழந்தையான பேரனின் பெயரால் ஆட்சி புரிந்தார். அங்கும் ஓர் ஆண்பிள்ளையின் பெயர் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பிள்ளை தொட்டிலில் கிடந்தாலும் போதும்!

நம் அம்மையாருக்கு நேர்ந்தது இம்மூன்றும் அல்ல. லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி அவர் வாழ்வில் வந்தார். எரியும் சிதையிலிருந்து அவ்வதிகாரி இவரை மீட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அக்காட்சியை நம் மனத்தில் ஆழப் பதித்தவர் நெல்லைச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா. பத்மாவதி சரித்திரம் எழுதிய அதே மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் கிளாரிந்தா என்னும் நாவலை வெளியிட்டார். பிராமணக் குடும்பத்து விதவையரின் துயரை உள்ளிருந்து அறிந்தவர் அவர். ஆதலால் அந்நூலில் சிதையின் வெப்பம் நம்மீதும் படுகிறது. ஆனால் நாவலாசிரியருக்குள்ள உரிமை வரலாற்று மாணவர்க்கு இல்லை. நாவலை நாவலாகவே கொள்ளுதல் நன்று.

உறுதியாகத் தெரிவது இவ்வளவே. அம்மையார் லிட்டில்டனுடன் வாழ்ந்தார். அவரிடம் ஆங்கிலம் ஓரளவு கற்றார். கிறித்தவ சமயத்தின் அடிப்படைகளையும் கற்றார். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்கு வேண்டினார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணவினை இல்லாமல் ஓர் ஆணுடன் வாழும் நிலையில் அது இயலாது என்பது அவர் கூறிய காரணம். லிட்டில்டன் மணந்துகொள்வதாக வாக்களித்திருந்தார் எனத் தெரிகிறது, அது நிறைவேறவில்லை. அந்த மறுப்புக்குச் சமயக் காரணம் உண்டு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அதன் பளு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். வாக்களித்துக் காலம் கடத்தியவர் அதிகாரி. பிறந்த குலம் அவரைத் தள்ளிவிட்டது. ஆங்கிலேயர் கணக்கில் அவர் துரைசாணி அல்லர். நாடிச் சென்ற சமயமும் வாசலில் நிறுத்தியது. பெனி ஹசனில் சாத்துக்கு மனைவி என்ற பட்டம் இல்லாவிட்டாலும் பதவி என்று ஒன்று இருந்தது. நம் அம்மையாருக்கு அதுவும் இல்லை.

லிட்டில்டனுடன் அம்மையார் பாளையங்கோட்டைக்கு வந்தார். அன்று அது ஒரு கோட்டை. நாடு நவாபினுடையது, கோட்டையில் காவல் இருந்ததோ ஆங்கிலப் படை. கல்விச் சாலைகள் நிறைந்து தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரெடுத்த பாளையங்கோட்டை பிற்காலத்தது. அன்று அங்கே பள்ளியும் இல்லை, கோயில் மணியோசையும் சிப்பாய்களின் கொம்பு முழக்கமும்தான். அங்கே லிட்டில்டன் இறந்தார். தம் உடைமைகளை அம்மையாருக்கே விட்டுச் சென்றார் என்பர். இரண்டாம் முறை துணையிழந்த அம்மையார் இப்போது முதன்முறையாகத் தம் கையில் பொருள் உடையவரானார். தாய் வீட்டுச் சீரோ கணவன் வீட்டுப் பங்கோ அல்ல அது. அவருக்குச் சட்டப்படி கணவராகாத ஒருவர் விட்டுச் சென்ற பொருள்.

1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அம்மையார் மீண்டும் வேண்டினார். இம்முறை தடை ஏதும் இல்லை. கிளாரிந்தா என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். அவருடன் ஹென்றி லிட்டில்டன் என்னும் வளர்ப்பு மகனும், சாராள் என்னும் பணிப்பெண்ணும் திருமுழுக்குப் பெற்றனர். இரண்டாண்டுகளில், அதாவது 1780-இல், பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பதிவு எழுதப்பட்டது. மொத்தம் 40 பேர். பல சாதியினர். அதில் முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. நெல்லைத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் அந்தப் பதிவிலிருந்தே தொடங்குகின்றனர். கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட நெல்லைச் சமயப்பணியின் தொடக்க வரலாற்று நூலிலும் அம்மையாருக்குச் சிறப்பான இடம் உண்டு. சமயம் எதுவாயினும், ஓர் ஊர் நிறுவனத்தின் முதல் ஏட்டில் முதற்பெயராக ஒரு பெண்ணின் பெயர், அதுவும் ஒரு கைம்பெண்ணின் பெயர், இருப்பதை நான் வேறெங்கும் எளிதில் கண்டதில்லை.

பொருள் கையில் இருந்தது. அம்மையார் அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவையான பகுதி. கிணறு வெட்டினார். கோயில் கட்டினார்.

கோயில் கட்டுவதும் நீர்நிலை அமைப்பதும் நம் நாட்டு உயர்குடிப் பெண்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்தவை. அம்மையார் பிறந்த தஞ்சைச் சீமையிலேயே சான்று காணலாம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார், மழவர் குலத் தலைவரின் மகளாய்ப் பிறந்து, கண்டராதித்த சோழரை மணந்து, இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் வாழ்ந்த நீண்ட காலத்தில் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். அக்கோயில்களில்தான் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. மராட்டியர் காலத்தில் அது சத்திரங்களாக உருவெடுத்தது. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தம்பாளின் பெயரால் அமைத்த சத்திரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தன் பெயரால் ஒரு சத்திரம் வேண்டும் என்பதே சாகும் தறுவாயில் அப்பெண் கேட்டது என்பர். நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. பட்டத்தரசியல்லாத ஒரு பெண்ணுக்குத் தன் பெயர் நிலைக்க வேறு வழி தென்படவில்லை போலும்.

கிளாரிந்தா அம்மையார் சமயம் மாறினார், மொழி கூடுதலாகக் கற்றார், ஊர் மாறினார். ஆனால் கையில் பணம் வந்ததும் தம் பாட்டியும் பூட்டியும் செய்திருக்கக்கூடியதையே செய்தார். அறம் என்ற அந்தப் பழைய வடிவம் அவருடன் தஞ்சையிலிருந்து நடந்தே வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்டைக்குள் எழுந்த கோயிலுக்கு ஆங்கிலேயர் சிலரும் உதவினர். ஆயினும் பெருஞ்செலவு அம்மையாருடையதே. 1785 ஆகஸ்டு மாதத்தில் சுவார்ட்ஸ் வந்து அதனைத் திறந்துவைத்தார். நெல்லைச் சீமையில் எழுந்த முதல் சீர்திருத்தக் கிறித்தவக் கோயில் அதுவே. ஒருகாலத்தில் வாசலில் நிறுத்திய அதே சுவார்ட்ஸை அம்மையார் தாம் கட்டிய கோயிலின் வாசலுக்கு அழைத்தார். இதில் பழிதீர்த்தல் எதையும் நான் காணவில்லை. சுவார்ட்ஸும் அம்மையாரும் ஒருவர்மீது ஒருவர் மதிப்புக் கொண்டவர்கள் என்றே தெரிகிறது.

கட்டடம் மட்டும் போதாது என்பதையும் அம்மையார் அறிந்திருந்தார். போதிப்பதற்கு ஆள் வேண்டும் என்று கேட்கத் தஞ்சைக்கே சென்றார். பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சை 300 கிலோமீட்டருக்கு மேல். இரயில் இல்லை, சாலையென்று சொல்லத்தக்கதும் அதிகம் இல்லை, வழியெல்லாம் பாளையக்காரர் நாடு. அதைவிடக் கடினமானது அவர் சென்ற ஊர். கணவர் பணிபுரிந்த ஊர், உறவினர் வாழ்ந்த ஊர், தம்மைத் தள்ளிவிட்ட ஊர். அந்தத் தெருக்களில் அவர் எப்படி நடந்தார், யார் முகம் திருப்பினர் என்பதை எழுத மாதவையா போன்ற ஒருவர்தாம் வேண்டும். அவர் கேட்டது வீண்போகவில்லை. சத்தியநாதன் என்னும் தமிழர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790 டிசம்பரில் தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் யெனிக்கே என்னும் செருமானியரும் வந்து சேர்ந்தார். அதன் பிறகு சபையின் ஏடுகளில் ஆண்களின் பெயர்களே நிறைகின்றன. அம்மையாரின் பெயர் அரிதாகிறது. ஒரு நிறுவனம் வளர்ந்ததும் அதை முதலில் கட்டிய பெண் ஓரமாக நிற்க நேர்வது புதிதன்று.

அவர் கடைசிக் காலத்தில் ஊர் அமைதியாக இல்லை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரையும் மற்றவரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு, 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பினர். அம்மையார் வாழ்ந்த அதே ஊரில் நடந்தது அது. ஒருபுறம் ஆங்கிலேயரின் நட்பில் எழுந்த கோயில்; மறுபுறம் ஆங்கிலேயரின் சிறையிலிருந்து தப்பி ஓடிய வீரர். நம் வரலாற்று நூல்களில் இவ்விரண்டும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நடந்தவை என்பதே மாணவர்க்கு மறந்துபோகிறது. 1806-இல் அம்மையார் காலமானார்.

இனிப் பெயருக்கு வருவோம். நெல்லைப் பக்கத்தில் ஐரோப்பியக் குருமாரை ஐயர் என்று அழைப்பது வழக்கம். செருமனியில் பிறந்த சுவார்ட்ஸ் ஐயரானார். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல்லும் ஐயரானார். பிறப்பால் பிராமணரல்லாதவர் ஐயர் ஆன அதே ஊரில், பிராமணக் குலம் கைவிட்ட ஒரு பெண் பாப்பாத்தி அம்மாள் ஆனார். அவர் கட்டிய கோயிலைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றனர். கிணறும் அப்பெயரே பெற்றது. இதை எவ்வாறு கொள்வது? சாதியை விட்ட பின்னும் சாதியின் பெயரே ஒட்டிக்கொண்டது என்று வருந்தலாம்; வருந்த வேண்டியதுதான். ஆனால் வேறொன்றும் எனக்குத் தோன்றுகிறது. கணவன் பெயரும் அதிகாரி பெயரும் சபையார் இட்ட பெயரும் ஒட்டவில்லை. அவர் கிணற்றில் நீர் இறைத்த மக்கள், அவரை விரட்டியவர்கள் பறித்துக்கொண்ட மதிப்பைத் தங்கள் வாயால் திருப்பிக் கொடுத்தனர். அம்மாள் என்ற பின்சொல்லில்தான் அது இருக்கிறது. முன்சொல்லில் இல்லை.

எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று என்னுடன் பணியாற்றும் ஒருவர் கேட்டார். நான் பிறந்தது மாஞ்சோலையில். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 8,000-க்கு மேற்பட்ட ஏக்கர் காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டம் அது. என் தாயார் அங்கே முப்பத்து நான்கு ஆண்டுகள் கொழுந்து எடுத்தார். துரை பங்களாவின் அம்மாவுக்கு மழைநாளில் குடை பிடிக்க ஓர் ஆள் ஓடுவதை நாங்கள் வாய்பிளந்து பார்ப்போம். துரைக்கு மாற்றல் வந்த மறுவாரம் அதே குடையின் கீழ் வேறோர் அம்மா நடப்பார். பங்களா பழைய அம்மாவுடையதும் அன்று, புதிய அம்மாவுடையதும் அன்று. எங்கள் லயன் வீடும் அப்படித்தான். அந்த வகையில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றே. 2024-இல் தோட்ட வேலை நின்று, தொழிலாளர் குடும்பங்கள் மலையிறங்கத் தொடங்கியபோது, என் தாயார் பாத்திரங்களையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். எடுத்துவர வேறொன்றும் அவருக்குரியதாக அங்கே இல்லை.

சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்த வரலாற்றை நான் வகுப்பில் ஆண்டு வாரியாகச் சொல்வேன். 1937-இல் விதவைக்கு வரம்புக்குட்பட்ட உரிமை. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் பிறந்த வீட்டுப் பூர்விகச் சொத்தில் மகனோடு சம பங்கு. மாணவியர் குறித்துக்கொள்வர். சொத்தே இல்லாத வீட்டில் சம பங்கு எதில் என்று இதுவரை ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு மலருக்கு இன்னொரு கட்டுரை எழுத வேண்டிவரும்.

சென்ற தை மாதம் தாயாரை மணிமுத்தாற்றிலுள்ள எங்கள் வாடகை வீட்டிலிருந்து கண் மருத்துவத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்தேன். வேலை முடிந்ததும் பாப்பாத்தி அம்மாள் கோயிலைக் காட்டினேன். கதை முழுவதையும் சொன்னேன். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவும் கட்டிய அந்த அம்மா தமக்கென்று வீடு ஒன்று கட்டிக்கொண்டாரா, அது எங்கே என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இது கொழுந்தே இல்லை, கடைசிச் சலிப்பில் விழுந்த தூள் என்று சொல்லித் தம்ளரைக் கீழே வைத்தார்.